கூடையும் கோடும்

பிற மாநிலங்களில் வாழும் தமிழ் மக்களோடு உரையாடும்போது, ஊரை விட்டுச் சென்றவர்களைப் பற்றிப் பேசுவதே நமக்கு வழக்கம். இன்று, ஊரை விட்டு ஓரடியும் நகராமலே வேறு மாநிலத்தவராகிவிட்ட மக்களின் ஊரிலிருந்து நம் பேச்சைத் தொடங்குவோம். அவ்வூர் பிச்சாட்டூர். ஆரணியாற்றின் கரையில், ஆற்றை மறித்துக் கட்டிய அணைக்கு அருகே உள்ளது. சென்னையிலிருந்து ஊத்துக்கோட்டை வழியாகத் திருப்பதிக்குப் பேருந்தில் சென்றவர்கள் இவ்வூரைக் கண்டிருப்பார்கள். பள்ளிகொண்ட கோலத்தில் சிவபெருமான் காட்சி தரும் சுருட்டப்பள்ளியும், வேதநாராயணர் கோயில் கொண்ட நாகலாபுரமும் அதே சாலையில்தான் இருக்கின்றன. இப்பகுதியின் கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளாமல் நடமாடுகின்றன. ஒரே வாக்கியத்தில் இரண்டும் கலந்து வருவதையும் கேட்கலாம்.

1911-ல் அமைந்த சித்தூர் மாவட்டம், 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அதனோடு சென்றது. ம.பொ.சிவஞானம், மங்கலங்கிழார் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தை நேயர்களில் மூத்தோர் அறிவர். படாஸ்கரின் பரிந்துரையும் 1959-ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டமும் சேர்ந்து, 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணியைச் சென்னை மாநிலத்திற்கு அளித்தன. பிச்சாட்டூர் ஆந்திரப் பக்கமே நின்றது. 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி மாவட்டம் தனியே பிரிந்தபோது அதனுள் அடங்கிற்று. வரைபடத்தில் கோடு மட்டும் இடம் மாறிக்கொண்டிருந்தது. மக்கள் இருந்த இடத்தில் இருந்தார்கள்.

கோட்டைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் மகளிர் கல்லூரிகளின் கூடைப்பந்தாட்டம். அந்த ஆட்டத்தின் வரலாறும் பெரும்பாலும் கோடுகளின் வரலாறே. பெண்கள் எந்தக் கோட்டைத் தாண்டலாம், எதைத் தாண்டலாகாது என்று தரையில் வரைந்து வைத்த காலம் ஒன்று இருந்தது.

சூன் திங்களில் கல்லூரிகள் திறக்கும்போது இந்தச் சாலையில் காலைப் பேருந்துகள் இரு திசையிலும் மாணவியரை ஏற்றிச் செல்லும். வடமேற்கே சென்றால் திருப்பதி. அங்கே 1954-ல் வேங்கடேசுவரப் பல்கலைக்கழகமும், 1983-ல் பெண்களுக்கென்றே பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகமும் தோன்றின. தென்கிழக்கே சென்றால் சென்னை. அங்கே 1914-ல் கடற்கரைச் சாலையில் தொடங்கிய இராணி மேரிக் கல்லூரி, 1915-ல் 41 மாணவியரோடு கீழ்ப்பாக்கத்தில் தொடங்கி மறு ஆண்டே நுங்கம்பாக்கத்திற்குக் குடிபெயர்ந்த மகளிர் கிறித்தவக் கல்லூரி, நாடு விடுதலை பெற்ற 1947-ல் மயிலாப்பூரில் பிறந்த ஸ்டெல்லா மாரிஸ், 1948-ல் பிறந்த எத்திராஜ் கல்லூரி என வரிசை நீளும். கால்சட்டையும் ரப்பர் அடியுள்ள காலணியும் தனியே ஒரு பையில் கட்டி எடுத்துச் செல்லும் பெண் அப்பேருந்தில் இருந்தால், அவளைப் பின்தொடர்ந்து போவோம். ஆனால் முதலில் ஒரு நூற்றாண்டுக்கும் மேல் பின்னோக்கிச் செல்லல் வேண்டும்.

1891 டிசம்பரில் அமெரிக்க நாட்டின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு என்னும் ஊரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் இவ்வாட்டம் பிறந்தது. பனிக்காலம், வெளியே ஆட இயலாது, உள்ளே தேகப்பயிற்சி செய்து சலித்துப்போன பதினெட்டு முரட்டு மாணவர்கள். அவர்களை அடக்க வழி தேடிய ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித், கனடா நாட்டவர். பீச்சுப் பழம் வைக்கும் கூடைகள் இரண்டை மாடத்தின் கைப்பிடியில் அறைந்து, பதின்மூன்று விதிகளை எழுதி ஒட்டினார். பந்து கூடையில் விழுந்தால் ஏணி வைத்து ஏறி எடுக்க வேண்டும். அடியை அறுத்துவிடலாம் என்பது அவர்களுக்கு உடனே தோன்றவில்லை. பெரிய கண்டுபிடிப்புகளைச் செய்தவர்களுக்கும் சிறிய விஷயம் கண்ணில் படாமற்போவதுண்டு!

சில வாரங்களில் அண்டைப் பள்ளி ஆசிரியைகள் ஆரவாரம் கேட்டு எட்டிப் பார்த்தார்கள். தாங்களும் ஆடலாமா என்று கேட்டார்கள். நெய்ஸ்மித் இசைந்தார். அவ்வாறு ஆடியவர்களுள் ஒருவரையே பின்னாளில் மணந்துகொண்டார். ஆகவே மகளிர் கூடைப்பந்து ஆடவர் கூடைப்பந்துக்கு ஏறத்தாழச் சம வயதினது. பிறகு வந்து ஒட்டிக்கொண்ட கிளை என்று அதனைக் கருதுவது தவறு.

ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் தொலைவில், நம் கணக்கில் ஊத்துக்கோட்டைக்கும் திருவள்ளூருக்கும் உள்ள தூரத்தில், நார்த்தாம்ப்டன் என்னும் ஊர். அங்கே ஸ்மித் மகளிர் கல்லூரி. 1892 சனவரியில் அக்கல்லூரிக்கு உடற்பயிற்சி ஆசிரியையாக வந்தார் செண்டா பெரென்சன். லித்துவேனியா நாட்டில் 1868-ல் பிறந்து, சிறுமியாக அமெரிக்காவில் குடியேறிய குடும்பத்தின் மகள். நேயர்களே, இவரும் உங்களைப் போல் பெயர்ந்து வந்தவரே. இளமையில் நோஞ்சான்; உடல் தேறட்டும் என்றுதான் பாஸ்டன் உடற்பயிற்சிப் பள்ளியில் சேர்த்தனர். சேர்ந்தவர் தேறியதோடு நில்லாமல் அதையே தொழிலாக மேற்கொண்டார். புதிய ஆட்டத்தைப் பற்றி அறிந்ததும் அதைத் தம் மாணவியர்க்குக் கற்பித்தார்.

கல்லூரி மகளிர் அணி ஒன்றின் முதற் பருவம் என்று வரலாற்றில் நாம் சுட்டிக்காட்டக்கூடியது இதுவே. 1893 மார்ச் 22 அன்று முதலாண்டு மாணவியரும் இரண்டாமாண்டு மாணவியரும் மோதினர். கால்சட்டை போல் மடித்துத் தைத்த உடையில் பெண்கள் ஆடுவதை ஆடவர் பார்ப்பது தகாது என்று கருதி, ஆடவர் எவரையும் உள்ளே விடவில்லை. இரு வகுப்பாரும் தத்தம் வண்ணக் கொடிகளோடு மாடத்தில் நிறைந்திருந்தனர். பெரென்சன் பந்தை நடுவே மேலே எறிந்தார். அதைப் பற்ற எழும்பிய முதலாண்டு ஆட்டக்காரியின் கை அவர் கைமேல் மோதித் தோள்மூட்டு பிசகிற்று! அந்தப் பெண்ணை வெளியே அழைத்துச் சென்று மூட்டைச் சேர்த்துவிட்டு, வேறொருத்தியை நிறுத்தி ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். இரண்டாமாண்டு அணி 5-4 என்று வென்றது. ஆட்டம் தொடங்கிய கணத்திலேயே இத்தகைய விபத்து நேர்ந்தும், இனி வேண்டாம் என்று யாரும் நிறுத்திவிடவில்லை. ஆட்டம் பிழைத்ததற்கு அந்த மாலையின் பிடிவாதமும் ஒரு காரணம் என்பது நம் கருத்து.

ஆயினும் பெரென்சன் ஆட்டத்தைப் பெண்களுக்கென மாற்றினார். களத்தை மூன்று பகுதியாகக் கோடிட்டுப் பிரித்தார். ஒரு பகுதியில் நின்றவள் அடுத்த பகுதிக்குள் கால் வைத்தல் ஆகாது. பிறர் கையிலுள்ள பந்தைப் பறித்தல் ஆகாது. மூன்று வினாடிக்கு மேல் பந்தை வைத்திருத்தல் ஆகாது. மூன்று முறைக்கு மேல் தரையில் தட்டுதலும் ஆகாது. ஓடிக் களைத்தால் பெண்களின் நெஞ்சும் நரம்பும் தாங்கா என்பது அக்கால மருத்துவர் பலரின் கொள்கை. முரட்டுத்தனம் புகுந்தால் பெற்றோரும் கல்லூரித் தலைவர்களும் ஆட்டத்தையே தடை செய்வர் என்ற அச்சமும் அவர்க்கு இருந்திருத்தல் கூடும். 1901-ல் அவர் பதிப்பித்த விதிநூல் நாடெங்கும் பரவியது.

இக்கோடுகளைக் கண்டு இன்றைய ஆட்டக்காரி நகைப்பாள். நாம் அவ்வளவு எளிதாக நகைக்க விரும்பவில்லை. அக்கோடுகள் பெண்களைக் கட்டிப்போட்டன என்பது உண்மை. கட்டிப்போட்டதனாலேயே பல கல்லூரிகள் கதவைத் திறந்தன என்பதும் உண்மை. இவ்விரண்டில் எது பெரிது என்று தீர்ப்பளிப்பது கடினம். கதவைத் திறந்த பிறகும் அக்கோடுகளை அழிக்க ஏன் அத்தனை காலம் பிடித்தது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. அமெரிக்கக் கல்லூரி மகளிர் களம் முழுதும் ஓடி ஆடும் ஐவர் ஆட்டம் நிலைபெற 1971 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அயோவா மாநிலப் பள்ளிகளில் அறுவர் அரைக்கள ஆட்டம் 1993 வரை நீடித்தது.

கல்லூரிக்கும் கல்லூரிக்கும் இடையே நடந்த முதல் மகளிர் போட்டி 1896 ஏப்ரல் 4 அன்று சான்பிரான்சிஸ்கோவில் நடைபெற்றது. ஸ்டான்ஃபோர்டு ஒரு பக்கம், பெர்க்கிலி ஒரு பக்கம். ஏப்ரல் 4 திருப்பதி மாவட்டம் பிறந்த நாளும் ஆயிற்றே என்று நினைவூட்டிவிட்டு மேலே செல்வோம். அதற்கு வேறு பொருள் ஏதும் இல்லை. ஏறக்குறைய எழுநூறு பெண்கள் பார்வையாளராகத் திரண்டனர். ஆடவர்க்கு அன்றும் அனுமதி இல்லை. கூடை ஒன்று பழுதாகிச் சரிசெய்ய இரண்டு ஆடவர் உள்ளே வர நேர்ந்தபோது ஆட்டக்காரியர் கூச்சலிட்டு மூலையில் ஒதுங்கினர் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பக்கத்திற்கு ஒன்பதின்மர் ஆடியும் முடிவு 2-1 தான், ஸ்டான்ஃபோர்டு வென்றது. வென்ற கல்லூரியே 1899-ல் மகளிர் வெளிக்கல்லூரிகளோடு மோதுவதைத் தடை செய்தது. தோற்றவர்கள் தடை செய்திருந்தால் பொறாமை எனலாம். வென்றவர்கள் தடை செய்ததற்கு என்ன பெயர் இடுவது?

இந்த ஆட்டம் நம்மிடம் வந்த வழி வியப்புக்குரியது. ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர் 1919-ல் சென்னைக்கு வந்தார். மறு ஆண்டே ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் உள்ள கல்லூரி அதுவே. 1924-ல் பாரிஸ் ஒலிம்பிக்கிற்குச் சென்ற இந்திய அணியைப் பயிற்றுவித்தவரும் அவரே. தென்னகத்துப் பள்ளிகளில் விசில் ஊதிய எத்தனையோ உடற்பயிற்சி ஆசிரியர்களுக்கு அவர் நட்ட கல்லூரியே தாய்வீடு. ஆக, நெய்ஸ்மித் கூடையை அறைந்த இடத்திற்கும் சென்னைக்கும் நேர்வழி உண்டு. இன்னொரு வழியும் உண்டு. ஸ்பிரிங்ஃபீல்டுக்கும் ஸ்மித் கல்லூரிக்கும் இடையே அதே ஆற்றுப் பள்ளத்தாக்கில் மவுண்ட் ஹோலியோக் மகளிர் கல்லூரி இருக்கிறது. நம் சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியை உடன்பிறந்த கல்லூரியாக ஏற்றுக்கொண்டது அக்கல்லூரி. கடல் கடந்த ஒரு பள்ளத்தாக்கின் மூன்று ஊர்களில் இரண்டு நம் சென்னையோடு உறவுகொண்டவை.

எனினும் நம் பெண்கள் பள்ளிகளில் முதலில் வேரூன்றியது கூடைப்பந்து என்று சொல்ல முடியாது. வளையப்பந்தும், பூப்பந்தும், எறிபந்துமே பல பள்ளிகளின் செல்லப்பிள்ளைகள். அவற்றிற்குக் காரணம் எளிது: வலை நடுவே நிற்கும், எதிரணியார் மேல் மோத வேண்டியதில்லை, சேலை, தாவணியோடு ஆடலாம். ஆங்கிலேயர் வழி வந்த வலைப்பந்து இலங்கைப் பள்ளிகளில் ஆழமாகப் பதிந்தது. அதுவும் கூடைப்பந்தின் பழைய மகளிர் வடிவத்திலிருந்து பிரிந்ததே. களத்தைக் கோடிட்டுப் பிரிக்கும் பழைய விதி இன்றும் அதில் உயிரோடு இருக்கிறது. யாழ்ப்பாணத்துத் தமிழ்ப்பெண் தர்ஜினி சிவலிங்கம், ஆறடிக்கும் மேற்பட்ட தம் உயரத்தைக் கொண்டு, 2018-ல் இலங்கையை ஆசிய வாகையராக்கிய அணியில் நின்றதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கோடுகளுக்குள் அடங்கிய ஆட்டமாயினும் ஆற்றலுள்ளவர் அதிலும் வானளவு எழுகிறார்.

உலக அரங்கில் மகளிர் கூடைப்பந்துக்கு 1953-ல் சிலி நாட்டில் முதல் உலகப் போட்டி நடந்தது. 1965-ல் சியோலில் ஆசியப் போட்டி தொடங்கிற்று. 1976-ல் மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் இடம் கிடைத்தது. ஆடவர்க்கு அந்த இடம் 1936-லேயே கிடைத்துவிட்டது. நாற்பது ஆண்டு இடைவெளி!

இப்போது அந்தப் பேருந்துப் பெண்ணிடம் திரும்புவோம்.

கூடைப்பந்துப் பருவத்தின் தொடக்கம் வெற்றி முழக்கத்தோடு வருவதில்லை. விடியற்காலையில், இன்னும் வெப்பம் ஏறாத சிமெண்டுத் தளத்தில், இருபது முப்பது பெண்கள் களத்தைச் சுற்றி ஓடுவதில்தான் அது தொடங்குகிறது. முதல் இரு வாரம் பந்தைத் தொட விடாத பயிற்றுநர்களும் உண்டு. பள்ளியில் நட்சத்திரமாக விளங்கியவள் கல்லூரிக்கு வந்ததும், தன்னைப் போன்ற நட்சத்திரங்கள் பத்துப் பேர் வரிசையில் நிற்பதைக் காண்கிறாள். அணியில் இடம் பன்னிரண்டே; களத்தில் நிற்பவர் ஐவர். மீதிப் பேர் பலகையில் அமர்ந்து தண்ணீர்ப் புட்டியும் துண்டும் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அந்தப் பலகையில் ஓராண்டு முழுவதும் பொறுமையோடு அமர்ந்தவளே அடுத்த ஆண்டு தலைவியாதல் உண்டு. ஒரு மாதத்தில் மனம் கசந்து நூலகத்திற்குப் போய்விடுபவளும் உண்டு. இருவரையும் குறை சொல்வதற்கில்லை.

சூலை, ஆகஸ்டில் நட்பு ஆட்டங்களும் கோப்பைப் போட்டிகளும் வரும். முதல் ஆட்டங்களில் பெரும்பாலான அணிகள் தடுமாறும். காரணம் திறமைக் குறைவு அன்று. ஒருத்தி எங்கே ஓடுவாள் என்பது மற்றவளுக்கு இன்னும் பழகவில்லை. பந்தை எறிந்த இடத்தில் ஆள் இராது. ஆள் நின்ற இடத்திற்குப் பந்து வராது. இருபத்து நான்கு வினாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும் என்ற விதி புதியவளின் நெஞ்சில் கடிகாரம் போல் அடிக்கும். ஐந்து தவறு செய்தால் வெளியேற வேண்டும்; ஆர்வம் மிகுந்தவள் முதற்பாதியிலேயே மூன்றைச் செலவழித்துவிட்டு, பிறகு கையைக் கட்டிக்கொண்டு தடுப்பாள். தோல்வி தருவதில் முதலிடம் தனி எறிக்கே. எதிரே எவரும் தடுப்பதில்லை. கூடை பத்தடி உயரத்தில் அசையாமல் நிற்கிறது. ஆனால் கால் களைத்து நிற்கும் கடைசி நிமிடத்தில் அந்தப் பதினைந்தடித் தொலைவு பிச்சாட்டூருக்கும் புத்தூருக்கும் இடையே உள்ளதாக நீண்டுவிடும். ஆகவேதான் நல்ல பயிற்றுநர் ஓட்டப்பயிற்சி முடிந்து மூச்சு வாங்கும் வேளையில் தனி எறியைப் பழக்குகிறார். பந்தின் அளவும் இப்போது சற்றுச் சிறிது. ஆடவர் பந்தையே மகளிரும் ஏந்திய காலம் 2004 அளவில் உலக விதிகளில் முடிவுற்றது.

செப்டம்பர் திங்களுக்குள் தேர்வாளர்களின் கண்கள் களத்தைச் சுற்றத் தொடங்கும். கல்லூரி அணியிலிருந்து பல்கலைக்கழக அணி. அங்கிருந்து தென்மண்டலப் போட்டி. அதில் தேறினால் அனைத்திந்தியப் பல்கலைக்கழகப் போட்டி. பதினேழுக்கும் இருபத்தைந்துக்கும் இடைப்பட்ட வயதினரே இவற்றில் ஆடலாம். அதாவது வாழ்வில் ஏழெட்டுப் பருவங்களே ஒருத்திக்கு உண்டு. அவற்றுள் முதற்பருவத்தைக் காயத்திலோ கூச்சத்திலோ தவறவிட்டால் எட்டில் ஒரு பங்கு போயிற்று.

இங்கேதான் நம் எல்லைக்கோடு மீண்டும் வருகிறது. பிச்சாட்டூரிலிருந்து சென்னைக்கு வந்து பயிலும் பெண், சென்னைக் கல்லூரிக்கும் அதன் பல்கலைக்கழகத்திற்கும் தடையின்றி ஆடலாம். பயிலும் இடமே அங்கே முகவரி. மாநில அணி என்று வரும்போதோ, நீ எந்த மாநிலம் என்ற வினா எழும். வீட்டில் தமிழ், குடும்ப அட்டையில் தெலுங்கு. விளையாட்டுக்கென ஒதுக்கிய வேலையிடங்களுக்கு மனுச் செய்யும் நாளில் இந்த வினா சோற்றுக்குரிய வினாவாகவே ஆகிவிடுகிறது. கொல்கத்தாவிலும் மும்பையிலும் பிள்ளைகளை வளர்க்கும் நேயர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பள்ளிச் சான்றிதழ் ஓர் ஊர், பிறப்பிடம் ஓர் ஊர், தாய்மொழி ஒன்று என்று படிவங்களின் கட்டங்களில் நீங்கள் பட்டிருக்கும் பாடு கொஞ்சமா!

மாநிலம் கேட்காத வேலையிடங்களுள் முதன்மையானது இரயில்வே. அனிதா பால்துரையை எண்ணிப் பாருங்கள். சென்னையில் 1985-ல் பிறந்து, தென்னக இரயில்வேயில் பணியாற்றி, 2001 முதல் 2017 வரை இந்திய அணிக்கு ஆடியவர், அணித்தலைவியாக நின்றவர். ஆசியக் கூடைப்பந்துப் போட்டிகளில் ஒன்பது முறை பங்குகொண்ட முதல் இந்தியப் பெண் என்று அவரைப் போற்றுவர். 2021-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 2017-ல் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவில் இந்திய மகளிர் வாகை சூடிய செய்தியை நேயர்கள் கேட்டிருப்பீர்கள். சூன் மாதத்துக் காலையில் சிமெண்டுத் தளத்தில் ஓடும் பெண்களுக்கு இவை எட்டாக்கனிகள் அல்ல என்பதைக் காட்ட ஒரு பெயராவது இருப்பது நல்லது. செண்டா பெரென்சனுக்கோ, நெய்ஸ்மித் பெயரால் அமைந்த புகழ்மண்டபத்தில் இடம் 1985-ல்தான் கிடைத்தது. அவர் அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டார்.

அக்டோபர் பிறந்ததும் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். கூரையில்லாத களங்களில் பயிற்சி தடைப்படும். மழைநீரைத் துடைப்பத்தால் தள்ளிவிட்டுக் காத்திருப்பார்கள். பிச்சாட்டூர் அணை நிரம்பி மதகு திறந்தால் ஆரணியாற்றில் வெள்ளம் பெருகும். ஊத்துக்கோட்டைத் தரைப்பாலம் மூழ்கிப் போக்குவரத்து நின்ற ஆண்டுகள் உண்டு. அத்தகைய நாளில் நம் பெண் ஊருக்குத் திரும்ப வழியின்றிச் சென்னையில் தோழியின் வீட்டில் தங்குவாள். மறுநாள் காலை ஆறு மணிக்குக் களத்திற்கு முதலில் வந்து நிற்பவளும் அவளாகவே இருப்பாள். தென்மண்டலப் போட்டிக்குச் செல்லும் பன்னிருவர் பட்டியலை உடற்பயிற்சித் துறையின் கதவில் ஒட்டும் வாரம் அது.